எனக்குக் கொரோனா, பூனையை எப்படித் தள்ளி வைப்பது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். எனக்குக் கொரோனா உறுதியாகிவிட்டது. காய்ச்சல் லேசானதுதான், சமாளித்துவிடலாம். கவலையெல்லாம் என் பூனையைப் பற்றித்தான். வீட்டில் நானும் அதுவும் மட்டுமே. சாப்பாடு வைக்க வேறு ஆள் இல்லை.

மனிதரிடமிருந்து பூனைக்கு இது தொற்றும் என்பது 2020 முதலே தெரிந்த விஷயம். அந்த ஏப்ரலில் நியூயார்க் மாகாணத்தில் இரண்டு வீட்டுப் பூனைகளுக்கு உறுதியானது. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு புலிக்கே வந்தது. வைரஸ் உடலுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நமக்கும் பூனைக்கும் பெருமளவு ஒத்துப்போகிறதாம். தொற்றினாலும் பெரும்பாலும் தும்மல், மூக்கொழுகல், சோர்வு என்று லேசாக வந்து போய்விடும் என்பது ஆறுதல்.

சாப்பாடு வைக்கும்போது முகக்கவசம் போடுகிறேன், கை கழுவுகிறேன், கொஞ்சுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் கதவைச் சாத்தினால் விடிய விடியக் கத்துகிறது. திறந்தால் நேராகத் தலையணைக்கு வந்துவிடுகிறது. (கொரோனாவுக்குப் பயப்படாத ஜீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.)

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: தனி அறையில் இருக்க அதை எப்படிப் பழக்கினீர்கள்? இன்று காலையிலிருந்து இரண்டொரு முறை தும்மியது. இப்போதே கால்நடை மருத்துவருக்கு போன் செய்யலாமா, இல்லை சாப்பிட மறுத்தால் மட்டும் போதுமா? அப்புறம், சானிடைசரால் துடைக்கச் சொல்லாதீர்கள், நக்கினால் ஆல்கஹால் அதற்கு விஷம். பூனைக்கு முகக்கவசம் மாட்டச் சொல்பவர்கள் முதலில் தங்கள் பூனைக்கு மாட்டிக் காட்டவும்.