உப்புத்தண்ணீரில் மூழ்கிய அவுட்போர்டு: பூட்டிய பிறகும் கீழ் சிலிண்டர் சரியாக எரியவில்லை

கேள்வி:
படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின், 15 குதிரைத்திறன், 2 சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கடலில் மூழ்கி எடுத்தது. முழுக்கப் பிரித்துக் கழுவி, புது ரிங், கேஸ்கெட், இம்பெல்லர் (குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) போட்டுப் பூட்டியாச்சு. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கீழ் சிலிண்டர் விட்டுவிட்டு எரிகிறது, பிளக் ஈரமாக வருகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் அழுத்தம்) மேலே 110, கீழே 85 பிஎஸ்ஐ. கயிறு இழுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுக்கம். கியர் ஆயில் பால் நிறம். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
இறுக்கம் தீரும்வரை இன்ஜினை ஓட்டாதீர்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஃபிளைவீலை (இன்ஜின் உச்சியில் சுற்றும் கனமான காந்தச் சக்கரம்) கையால் மெல்லச் சுற்றுங்கள், ஓடும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் சுற்றினால் புது இம்பெல்லரின் இதழ்கள் மடங்கும். பிறகு ஃபிளைவீலைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். இறுக்கம் போய்விட்டால் காந்தத்தில் ஏறிய துரு காயிலில் உரசுகிறது. சுரண்டி எடுத்தால் போதும். அப்படியே இருந்தால் பெரும்பாலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்கோ, பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் ஊசி பேரிங்கோதான். பந்து ஓடும் தடத்தில் நகம் தடுக்குகிற அளவு குழி விழுந்திருந்தால் எமரித் தாள் தேய்த்துப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். குழியிலிருந்து உதிரும் துகள் நேராகப் பிஸ்டனுக்குத்தான் போகும்.

பதில் 2:
பிளக்கில் இருப்பது பெட்ரோலா தண்ணீரா? அதைப் பொறுத்துதான் மற்றதெல்லாம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வையுங்கள். பெட்ரோல் ஆவியாகி ஆயில் கறை மட்டும் நிற்கும், தண்ணீர் முத்தாக நிற்கும்.

பெட்ரோல் என்றால் பிளக்கையும் அதற்குப் பொறி தரும் காயிலையும் மேல், கீழ் மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே மேலே போனால் மின்சாரப் பக்கம். போகாமல், கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் திரும்பத் தெறித்தால் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு) சரியாக உட்காரவில்லை.

தண்ணீர் என்றால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஹெட்டை (சிலிண்டரின் மூடி) தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஓரங்களில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகள்) விடுங்கள். 0.1 மி.மீ. பிளேடு நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் உள்மூடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உப்பு அரித்த ஊசித்துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும். 25 பிஎஸ்ஐ வித்தியாசம் அதிகம். புது ரிங்கை போருக்குள் (சிலிண்டரின் உள்துளை) வைத்து அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தீர்களா? 60 மி.மீ. போருக்குச் சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கணும்.

கேள்வி கேட்டவர்:
தண்ணீர்தான். ஹெட்டின் கீழ் மூலையில் 0.15 பிளேடு நுழைகிறது. ஃபிளைவீல் இல்லாமலும் இறுக்கம் இருக்கிறது.

பதில் 1:
அப்படியென்றால் கிராங்க்கேஸை (கிராங்க் இருக்கும் பெட்டி) திறந்துதான் ஆகணும், பேரிங்கோடு மேல், கீழ் கிராங்க் சீல்களையும் (கசிவு தடுக்கும் வளையங்கள்) மாற்றிவிடுங்கள். ஹெட்டுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி, எட்டு வடிவில் தேயுங்கள். பூட்டும்போது நட்ட நடு போல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் முறுக்குங்கள். போல்ட் ஓட்டையில் உப்பு இருந்தால் ரெஞ்ச் காட்டும் முறுக்கு பொய், டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

பதில் 3:
கியர் பெட்டி தனி விஷயம், பால் நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலை வடித்து, 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெரும்பாலும் அந்தச் சீலில்தான் குமிழி வரும், தூண்டில் நரம்பு சுற்றி அறுத்திருக்கும். வடிகால் ஸ்குரூ வாஷர்கள் பழசென்றால் அதுவும் கசியும். ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றுங்கள், மேல் ஓட்டையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும். ஓட்டத் தொடங்கும்போது முதல் 10 மணி நேரத்துக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில், முழு த்ராட்டில் வேண்டாம்.