ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, போக மனசே இல்லை

லயத்துப்பொண்ணு (கேள்வி)

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். படிவம் ஆறு முடித்து இந்த அக்டோபரில் கே.எல். (கோலாலம்பூர்) பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் சேர்ந்தேன். ஏழு வாரம் முடிந்து இப்போது ஒரு வார விடுமுறை. ஞாயிறு மதியம் ஈ.டி.எஸ். ரயில் ஏற வேண்டும், நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மேடை ஏறித் திருக்குறள் ஒப்புவித்தவள்தான் நான், பயம் என்றால் என்னவென்று தெரியாது. இங்கே மூன்றாவது வாரம் டுடோரியலில் ஒரு கணக்கை விளக்கச் சொன்னார்கள். விடை தெரியும், கையில் எழுதியும் வைத்திருக்கிறேன், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை. கை நடுங்கி, பிடித்திருந்த தாள் மைக் பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது பின் வரிசை வரை கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அதற்கப்புறம் அந்த டுடோரியலுக்கு இரண்டு தடவை போகவில்லை. ரூமில் மேகி, தூக்கம், அம்மாவுக்கு போன். அம்மாவிடம் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நின்றுவிடலாமா?

மாஜி சீனியர்

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான இடங்களில் 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள், உன் பாடத்திட்டத் தாளில் எழுதியிருக்கும், பார். 14 வாரத்தில் இரண்டு தவறினால் கிட்டத்தட்ட 86, தப்பித்தாய். மூன்று தவறினால் 78.6. அதனால் அடுத்த டுடோரியல் உனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ போயாக வேண்டும், வாயைத் திறக்காவிட்டாலும் சரி, பெயரைப் பதிந்துவிட்டு உட்கார்.

அப்புறம் ஆங்கிலம். நான் பி.பி.எஸ்.எம்.ஐ. காலத்துப் பிள்ளை, 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்களே, அந்தக் கூட்டம். 2012-இலிருந்து அது படிப்படியாக மலாய்க்குத் திரும்பிவிட்டது. இப்போது டி.எல்.பி., அதாவது இந்தப் பாடங்களை ஆங்கிலத்திலும் நடத்தும் இருமொழித் திட்டம், இருக்கிற பள்ளிகளைத் தவிர மற்றப் பிள்ளைகள் படிவம் ஐந்து எஸ்.பி.எம். பரீட்சையில் வேதியியலை மலாயில் எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். உன் வகுப்பிலும் அப்படி நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று நினைக்கிறாய்? அடுத்தது நம்மைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று குனிந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் உடைந்தது ஒன்பதாவது வாரம். லெக்சரர் அறைக் கதவில் ஆலோசனை நேரம் ஒட்டியிருக்கும், அதற்குப் போனேன். போனேன் என்றால், வெளியே பத்து நிமிடம் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல நின்றேன். பக்கத்தில் கிளந்தான் பெண் ஒருத்தி, அவளும் அதே பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே நுழைந்தோம், 'நீ முதலில் பேசு' என்று மலாயில் என்னைத் தள்ளிவிட்டாள் பாவி. நான் மலாயில் கேட்டேன், அவரும் மலாயிலேயே பதில் சொன்னார், கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்து இதை வகுப்பில் நீ சொல் என்றார். அந்த ஒரு வரியைத்தான் அடுத்த வாரம் பார்த்து வாசித்தேன். தாளைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வை, நடுங்கினாலும் சத்தம் வராது.

பால்மரக்காடு

எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960-இல் கூட்டுறவு ஆரம்பித்தபோது மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற காலம் அது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) முன்னால் நிற்கவே பயப்படுகிற மனிதர், கைரேகை வைத்தார். நீ பட்டம் படிக்கிறாய் மகளே, அதை நினைத்துக்கொள்.

தாப்பாவ்

அங்கிள், அவள் கேட்டது அது இல்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் வீட்டில் உண்மையைச் சொல்வதில்லை.

நான் முதல் செமஸ்டரிலேயே நின்றவன், அதனால் சொல்கிறேன். நான் செய்த தப்பு நின்றது இல்லை, யாரிடமும் சொல்லாமல் அறையைக் காலி செய்துவிட்டு வந்தது. படிப்பை ஒரு செமஸ்டர் ஒத்திவைக்க முறையாக வழி இருக்கிறது, விண்ணப்பம் போட வேண்டும், கெடு தேதி இருக்கிறது. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்வி நிதியில் வாங்கிய பணமோ கடன்தான், நின்றாலும் கட்டத்தான் வேண்டும். ஆகவே நிற்பதென்றாலும் உன் கல்வி ஆலோசகரைப் பார்த்துவிட்டு நில். உளவியல் ஆலோசனைப் பிரிவும் இருக்கும், காசு கேட்க மாட்டார்கள்.

வாரா வாரம் வீட்டுக்கு வருகிறாய் என்றால் அதை மட்டும் குறை. சிலருக்கு ஒத்துவரும், எனக்கு ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே மனசு ரயில் ஏறிவிடும், ஞாயிறு ராத்திரி மறுபடியும் முதல் நாள் மாதிரியே இருக்கும்.

மாஜி சீனியர்

தாப்பாவ் சொல்வது சரி, ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதே, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வா. ரூம்மேட் யாரு? சேர்ந்து சாப்பிடுகிறீர்களா? மேகியை விடு முதலில்.

லயத்துப்பொண்ணு

திரெங்கானுக்காரி. அமைதியான பெண், நானும் அமைதி, ஏழு வாரத்தில் பத்து வார்த்தை பேசியிருப்போம். அவள் வேறு பாடம்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தாள் படபடத்தது வரைக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் 'அந்தப் பிள்ளை நெத்திலி சம்பல் சாப்பிடுமா?' என்று கேட்டார். இப்போது அடுப்பில் கிண்டிக்கொண்டிருக்கிறார், இரண்டு மைலோ டின் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. டுடோரியல் செவ்வாய்க்கிழமை. ஆலோசனை நேரம் திங்கள் மதியம் இரண்டு மணி என்று இப்போதுதான் பாடத்திட்டத் தாளில் பார்த்தேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.