திண்ணைச் சுவரில் கண்ட பனிக்கால வெள்ளை

பனி பெய்வதை நான் நேரில் பார்த்ததில்லை. கொடைக்கானலில் ஒரு ஜனவரி அதிகாலை புல்மேல் படிந்திருந்த உறைபனியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், மதுரை பழங்காநத்தத்தில் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து, இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஓட்டிய டி-34 டாங்கியின் பிளாஸ்டிக் மாடலுக்குப் பனிக்கால வெள்ளை அடித்த அனுபவம் இது. இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை எங்கே தவறியது, அதை யார் கண்டுபிடித்தார் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கும் மாடல் பெட்டி, ஜப்பானின் டமியா நிறுவனத்தின் டி-34/76. அசலில் 35-இல் ஒரு பங்கு அளவு (1/35). கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீள வண்டி இந்த அளவில் ஒரு சாணுக்கும் குறைவாகிவிடும். 500 மில்லிமீட்டர் அகலச் சங்கிலிப் பட்டை ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. முதல் தடவை கரும்பச்சை அடித்து, காய்ந்ததும் அதன்மேல் டமியாவின் எக்ஸ்எஃப்-2 என்ற வெள்ளைப் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் கருவி) சீராகப் பரப்பினேன். ஓரங்களில் கொஞ்சம் பழுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) விட்டேன். ஓரம், கீல், போல்ட் எல்லாவற்றிலும் வரிசையாகத் துரு வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஷோகேஸில் வைத்துவிட்டேன்.

அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என் மனைவியின் தாய்மாமா வந்து வீட்டில் தங்கினார். ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். திராஸ், கார்கில் ரோட்டில் பனிக்காலத்தில் லாரி ஓட்டியிருக்கிறார். ஷோகேஸ் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். நானாகப் போய், "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா இதுல யாரும் ஏறி இறங்கின மாதிரியே இல்லையே?"

எனக்குப் புரியவில்லை. கதவைத் திறந்து வண்டியைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். அவர் விரல் நுனியால் ஒவ்வோர் இடமாகக் காட்டினார். "உள்ள போறவன் இங்கதான கால வைப்பான்? பூட்ஸ் பட்டா வெள்ளை நிக்குமா? இந்தக் கம்பியப் புடிச்சுத்தான தொங்கிட்டு வருவான், இங்க எப்படி வெள்ளை இருக்கும்? சைலன்சர் பக்கம் கரியே இல்ல. அப்புறம், வண்டி போற ரோட்டுல பனி வெள்ளையா கெடக்காது மாப்ளே. சேறும் டீசலும் சேர்ந்து தவிட்டு நிறத்துல கெடக்கும். அதுதான் வண்டி பூரா அடிக்கும்."

அன்றைக்கு ராத்திரி பூராவும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டியது, காலையில் என்ஜினைச் சூடேற்றியது எல்லாம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஒரு நிறத்தைத்தான் அடித்திருக்கிறேன். அந்த வண்டியில் நாலு பேர் இருந்தார்கள், அதன் முதுகில் காலாட்படை உட்கார்ந்து போனது, கைப்பிடிக் கம்பிகள் வைத்ததே அவர்கள் பிடித்துக்கொள்ளத்தான். அந்த ஆட்களை நான் யோசிக்கவே இல்லை.

இந்தப் பனிக்கால வெள்ளை நிரந்தரப் பெயிண்ட் அல்ல. பனிக்காலம் வந்ததும் பச்சைக்கு மேலே சுண்ணாம்பு, சாக்பீஸ் மாவு மாதிரியான பொருளைக் கரைத்துப் பிரஷ்ஷாலும் துடைப்பத்தாலும் பூசுவார்கள். பனி உருகும் காலத்தில் கழுவிவிடுவார்கள். 1941 குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படைக்கு வெள்ளைப் பெயிண்ட் தட்டுப்பாடு. கிடைத்த சுண்ணாம்பையே பூசி ஒப்பேற்றினார்கள். எங்கள் ஊரில் பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கிற வெள்ளைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது மண்டையில் ஏறிய பிறகுதான் எனக்கு வழி திறந்தது.

சில மாதம் கழித்து ஒரு காதுகுத்துக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். பழைய ஓட்டு வீடு, வாசலில் திண்ணை. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. பெரியவர்கள் தினமும் முதுகு சாய்த்து உட்காரும் இடத்தில் மட்டும் வெள்ளை தேய்ந்து, எப்போதோ அடித்த பச்சை தெரிந்தது. அந்தத் தேய்மானத்துக்கு ஓரமே இல்லை. நடுவில் பச்சை முழுசாகவும், வெளியே போகப் போகப் புகைபோல மங்கலாகவும் இருந்தது. தூணில் கை வைக்கும் உயரத்தில் அழுக்கு கலந்த தேய்மானம். ஓட்டிலிருந்து மழைநீர் வழிந்த இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு. அடிச்சுவரில் மண் தெறித்த புள்ளிகள். யாரும் தொடாத மேல்மூலையில் மட்டை இழுத்த தடத்தோடு வெள்ளை அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த டாங்கிப் புகைப்படத்தையும் இந்தப் படங்களோடு வைத்துத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது கிட் வாங்கினேன். இந்தத் தடவை 1943 பிப்ரவரி, மார்ச்சில் உக்ரைனின் கார்கிவ் நகரப் பக்கம் நின்ற வண்டி என்று மனதில் வைத்துக்கொண்டேன். பனிக்காலம் முடியும் நேரம், வெள்ளை பாதி போயிருக்கும், சேறும் தொடங்கியிருக்கும்.

பச்சையைக் கொஞ்சம் மஞ்சள் கலந்து வெளிறலாக அடித்தேன். இவ்வளவு சின்ன வண்டியில் அசல் நிறம் கண்ணுக்கு ரொம்ப இருட்டாகத் தெரியும். அது நன்றாகக் காய்ந்ததும் ஹேர்ஸ்ப்ரே. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய சாதாரண ஹேர்ஸ்ப்ரேதான். ஓர் அடி தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சு. அதன்மேல் வெள்ளை. ஹேர்ஸ்ப்ரே தண்ணீரில் கரையும், அதனால் மேலே தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வெள்ளை பெயர்ந்து பச்சை வெளியே வரும். ரகசியம் இவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டமியா அக்ரிலிக்கை லாக்கர் தின்னரில் கலந்து அடித்தால் படலம் கெட்டியாகிவிடும், பெயராது. என் ஒரு பக்கப் பலகை அப்படித்தான் வீணாயிற்று, மறுபடி பச்சையிலிருந்து தொடங்கினேன். தண்ணீரில் கலந்தால் இலகுவாக வரும். வெள்ளையில் ஒரு சொட்டு எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மஞ்சள் பழுப்பு) சேர்த்தேன், சுத்த வெள்ளை பொம்மைபோலக் காட்டும். இன்னொன்று நம் ஊர் வெயில். வெளிநாட்டுக்காரர்கள் அரைமணி நேரம் காயவிடச் சொல்வார்கள். மதுரையில் ஏப்ரல், மே மாதத்தில் அவ்வளவு காத்திருந்தால் கல்லாகிவிடும். நான் பத்து நிமிடத்தில் பிரஷ்ஷை எடுத்துவிடுவேன். ஏர்பிரஷ் முனையிலேயே பெயிண்ட் காய்ந்து அடைப்பதால், அடிக்கிற வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளையைப் பெயர்க்கும்போது படத்தையெல்லாம் மூடி வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இங்கே யார் தொடுவார்? டிரைவர் ஏறி இறங்கும் ஹேட்ச் விளிம்பு, டரட் (பீரங்கி வைத்த சுழலும் மேற்பகுதி) மூடி, கைப்பிடிக் கம்பிக்குப் பின்புறம், என்ஜின் மேல்தட்டில் ஆள் உட்காரும் இடம். அங்கெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டு, முடி குட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் தேய்த்தேன். திண்ணைச் சுவரைப் போலவே ஓரம் மங்கி வந்தது. டரட்டின் பக்கவாட்டில், கை எட்டாத இடத்தில் கையே வைக்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுரண்டினால் அது தேய்மானமாகத் தெரியாது, டிசைனாகத் தெரியும்.

பிறகு மேட் வார்னிஷ். அதன்மேல் ஆயில் பெயிண்ட். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பர்ன்ட் அம்பர் ட்யூபே போதும். அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பு வராது. புள்ளி புள்ளியாக வைத்து, தின்னர் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்தேன். பின்பக்கம் இரண்டு புகைக்குழாய்களைச் சுற்றி மட்டும் கறுப்பைத் தாராளமாக வைத்தேன். துருவைப் பெருமளவு விட்டுவிட்டேன். தினமும் ஓடுகிற வண்டியின் சங்கிலிப் பட்டை ஆரஞ்சு நிறமாக இருக்காது, தரை படுகிற மேடெல்லாம் தேய்ந்து இரும்பு மின்னும். அதற்குப் பென்சில் கரியைத் தேய்த்தேன்.

சேற்றுக்குத்தான் ரொம்ப யோசித்தேன். கார்கிவ் பக்கம் கறுப்பு மண். செம்மண் வைத்தால் பொய்யாகிவிடும். திருமங்கலம் தாண்டி ஒரு பருத்திக்காட்டு ஓரம் வண்டியை நிறுத்தி ஒரு பை கரிசல் எடுத்து வந்தேன். காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து சக்கரத்திலும் அடிப்பாகத்திலும் வைத்தேன். காய்ந்த சேற்றின்மேல் அதே சேற்றைக் கொஞ்சம் வார்னிஷ் கலந்து ஈரமாக இன்னொரு அடுக்கு. பழைய சேறு, புதுச் சேறு இரண்டும் தெரிய வேண்டும்.

முடித்ததும் வண்டியை டிஃபன் பாக்ஸில் பஞ்சு வைத்து உசிலம்பட்டிக்கு எடுத்துப் போனேன். மாமா அதை அதே திண்ணையில் வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இப்பச் சரி. இது வேலை பாத்த வண்டி" என்றார். இரண்டு வண்டியும் இன்று ஷோகேஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதை எடுக்க மனமில்லை.

கிளம்பும்போது மாமா காஷ்மீரின் சோஜி லா கணவாய்ச் சண்டையைச் சொன்னார். 1948 நவம்பர் 1-ஆம் தேதி நம் ராணுவத்தின் ஏழாவது இலகு குதிரைப்படை (பெயர்தான் அப்படி, அது டாங்கிப் படைப்பிரிவு) ஓட்டிய ஸ்டுவர்ட் டாங்கிகள் பதினோராயிரம் அடிக்கு மேலே ஏறிப் போன சண்டை. வழியில் பாலங்கள் எடை தாங்காதென்று டரட்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள். அடுத்து அதுதான், கிட் தேடிக்கொண்டிருக்கிறேன். டரட் இல்லாத வண்டியாகவே செய், பின்னால் ஒரு லாரி நிற்கட்டும் என்கிறார். லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவதை அவரே உட்கார்ந்து செய்து தருவாராம்.