கிணறு இறைக்க ஆள் பிடிப்பதா, நாமே இறங்குவதா?

தாளங்குடா_தம்பி

போன கிழமை மழைக்கு ஒழுங்கை வெள்ளம் வளவுக்குள் ஏறி, கிணற்றுக் கட்டையும் தாண்டி உள்ளே போய்விட்டது. மூன்றடி அகலக் கொட்டுக் கிணறு (சீமெந்து வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கியது), பன்னிரண்டு அடி ஆழம். தண்ணீர் இப்போது பிளேன்டி நிறத்தில் இருக்கிறது, மேலே வேப்பஞ்சருகும் ஒரு செருப்பும் மிதக்கின்றன (செருப்பு எங்கள் வீட்டுடையது இல்லை). கிணறு இறைக்கிற ஒருவரைக் கேட்டேன். பம்பும் இரண்டு ஆளும், பன்னிரண்டாயிரம் என்றார். மச்சானிடம் பெற்றோல் பம்பு இருக்கிறது. இரண்டு பேரும் இறங்கினால் அரைநாள் வேலை. அம்மா ஆளைப் பிடிக்கச் சொல்லி நிற்கிறா. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நொச்சிமுனை நண்டு

பன்னிரண்டாயிரமா! பன்னிரண்டு அடிக் குழிக்குள் இறங்கி ஏற அடிக்கு ஆயிரம். தம்பி, நீங்களே இறங்குங்கள். 1978 சூறாவளிக்குப் பிறகு இந்த மட்டக்களப்புக் கரை முழுக்கக் கிணறுகளுக்குள் ஓலையும் செத்த காகமும் கிடந்ததாக எங்கள் அப்பப்பா சொல்லுவார். யாரைக் கூலிக்குப் பிடித்தார்கள்? வீட்டுக்கு வீடு தாங்களேதான் இறைத்தார்கள். இப்போது நமக்குக் குழாய் இறுக்கவும் ஆள், பல்ப் மாற்றவும் ஆள். கடைசியில் சோறு தின்னவும் ஆள் பிடிப்போம்.

பாடுமீன்

நண்டு தம்பி, உங்கள் அப்பப்பா இறைத்த காலத்தில் நான் கயிறு பிடித்தவன். 78 நவம்பர் 23 இரவு எங்கள் வீட்டுக் கூரை போனது, அதன் பிறகு கிணறு இறைத்ததும் உண்மைதான். ஆனால் எதால் இறைத்தோம்? வாளியால். அதை விட்டுவிட்டீர்கள்.

வாளியால் இறைத்தால் நாலு பேர் மாறி மாறி இழுத்தாலும் கிணறு ஊறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். பம்பு அப்படி இல்லை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடியைக் காட்டிவிடும். அப்போது வெளியே நிற்கிற தண்ணீர் அடியால் பொங்கிக்கொண்டு வரும், மணலையும் கூட்டிக்கொண்டு வரும். நம்முடையது கடற்கரை மணல், களிமண் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது பணத்தை விடப் பெரிய விஷயம். உறிஞ்சு குழாய் நீளம் போதவில்லை என்று பெற்றோல் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். புகை குழிக்குள்ளேயே நிற்கும். அதில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கினவர் சரிந்தால், தூக்கப் போகிறவரும் சரிவார். அப்பப்பா காலத்தில் இந்தச் சாவு இருக்கவில்லை, ஏனென்றால் எங்களிடம் எஞ்சின் இருக்கவில்லை.

நொச்சிமுனை நண்டு

ஐயா, பம்பை உள்ளே இறக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை. மேலே வைத்து இறைக்கலாம், பன்னிரண்டு அடிக்கு உறிஞ்சும். இறங்க முன் மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்த்தால் காற்று இருக்கா இல்லையா என்று தெரியும். இதுக்கு என்ன படிப்பு வேண்டும்?

என் கேள்வி வேறு. அம்மா பிடிக்கச் சொல்கிற அந்த ஆள் யார்? கரண்ட் வேலைக்கு என்விகியூ என்கிற தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிறவர் இருக்கிறார், அவருக்குக் காசு கொடுக்கலாம். கிணறு இறைக்கிறவரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது? ஒரு பம்பும் ஒரு மண்வெட்டியும். அதே பம்பு மச்சானிடமும் இருக்கிறது. போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்தார்கள். கொட்டுச் சுவரில் பாசி அப்படியே ஒட்டி இருந்தது. குளோரின் பவுடரை நெல்லு விதைக்கிற மாதிரிக் கையால் அள்ளி எறிந்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுகா நான்தான் இறங்கித் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினேன்.

அக்கரைப்பற்று மேசன்

நானும் அந்த வேலைக்குப் போகிறவன்தான், அதனால் கோபப்படாமல் எழுதுகிறேன். நண்டு மச்சான் சொன்ன மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மெழுகுதிரியை நம்ப வேண்டாம். ஒட்சிசன் குறைந்தால் அது அணையும், அவ்வளவுதான். பெற்றோல் புகையில் அது பாட்டுக்கு எரியும், ஆள் விழுந்துவிடுவான். அழுகின முட்டை மணம் வந்தால் இறங்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாயு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. நாங்கள் இறங்கினால் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பேச்சு நின்றால் இழு. மேலே நிற்கிற இரண்டாவது ஆளின் கூலி அதற்குத்தான். சும்மா பீடி குடித்துக்கொண்டு நிற்கிறான் என்று வீட்டுக்காரர் நினைப்பார்.

ஒரு இடத்தில் வீட்டுக்காரரே இறைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மேலிருந்து மூன்றாவது கொட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் கையே நுழையும். அடியில் மணல் பொங்கிப் போய், கீழ்க் கொட்டுகள் சரிந்து இறங்கிவிட்டன. கிணற்றடியில் நின்றால் சீமெந்துத் தளத்துக்குக் கீழே ‘பொத் பொத்’ என்று வெறுமையாகக் கேட்டது. தளத்தை உடைத்து, மேல் மூன்று கொட்டையும் கழற்றி, மணல் நிரப்பி, திரும்ப இறக்க நாலு நாள். இறைக்கிற கூலியைப் போலப் பல மடங்கு அவருக்குச் செலவு. என்னிடம் சான்றிதழ் இல்லை, உண்மை. தண்ணீரோடு மணல் வரத் தொடங்கினதும் பம்பை நிற்பாட்டத் தெரியும்.

காத்தான்குடி காக்கா

நீங்கள் எல்லாரும் யார் இறைப்பது என்று சண்டை பிடிக்கிறீர்கள். இப்ப ஏன் இறைக்க வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணற்றுக்குள் கடல் வந்து நிரம்பியது. தைமாதம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து பெரிய பம்பு வைத்து இறைத்துத் தந்தது. நல்ல மனதோடு செய்தார்கள். இரண்டு நாளில் வாப்பா வாயில் விட்டுத் துப்பினார், முன்னையதை விட உப்பு. மறுபடியும் இறைத்தார்கள், இன்னும் உப்பு. மூன்றாம் தரம் வந்தபோது வாப்பா படலையைச் சாத்திவிட்டார். அப்படியே விட்ட கிணறு, இரண்டு மாரி மழை பெய்த பிறகு கழுவுகிற அளவுக்கு வந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா எல்லாம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான மணல் நாக்கு. மழைத் தண்ணீர் பாரமில்லாததால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடியை உறிஞ்சினால் கீழே இருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். அதுவும் இப்ப மார்கழி. நிலம் முழுக்கத் தண்ணீர். தம்பி இறைக்கப் போவது கிணற்றை இல்லை, ஊரை.

செங்கலடி அக்கா

காக்கா சொன்னதற்கு ஒரு கும்பிடு. இறங்குவது பற்றி ஆண்கள் இவ்வளவு எழுதிவிட்டீர்கள். அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கக் கொடுக்கப் போவது யார் என்று பார்த்தால் அம்மாதான். அதனால் அவவின் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன், இதுக்குக் கூலியாள் தேவையில்லை.

மூன்றடிக் கொட்டில் ஓரடி உயரத் தண்ணீர் என்றால் 200 லீற்றர். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு நனைந்த நீளத்தை அளவுங்கள். எட்டடி நனைந்தால் 1600 லீற்றர். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போய், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) எவ்வளவு பவுடர் என்று கேளுங்கள். பவுடரின் பக்கற்றையும் கொண்டு போங்கள். 30 வீதம் குளோரின் உள்ளதும் இருக்கிறது, 65 வீதம் உள்ளதும் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ‘இரண்டு கரண்டி’ என்று சொல்கிறவரை நம்பக்கூடாது. வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு நாள் தொடக்கூடாது. கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, அதனால் முதலில் சருகையும் அந்த அநாதைச் செருப்பையும் எடுங்கள்.

மலசலகூடக் குழி எவ்வளவு தூரம்? ஐம்பது அடிக்குள் இருந்தால் எத்தனை தரம் இறைத்தாலும் திரும்ப அதுதான் வரும்.

நொச்சிமுனை நண்டு

அக்காவின் கணக்கைப் பார்த்தால் என் கட்சிதான் வெல்கிறது. கல்லைக் கட்டி அளப்பதும் பவுடர் கரைப்பதும் நாமே செய்வதுதானே! அப்புறம், உன்னிச்சைக்குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளுக்குக் கிணறு எதற்கு என்றும் ஒருவர் கேட்பார். குழாய் நிற்கிற நாளில் அவர் வாளியோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

அக்கரைப்பற்று மேசன்

வெல்லட்டும் மச்சான். இறங்காத வேலை எல்லாம் நீங்கள் செய்யுங்கள். இறங்குகிற வேலைக்கு மட்டும் நான்.

தாளங்குடா_தம்பி

எல்லாருக்கும் நன்றி. நேற்று அந்தக் கிணறு இறைக்கிறவருக்கே போன் எடுத்து, “அண்ணன், இப்ப இறைச்சா மணல் வருமா?” என்று கேட்டேன். “வராமப் போகுமா தம்பி? ஆவணியில கூப்பிடுங்க, தண்ணி அடிக்குப் போயிரும், ரெண்டு ஆளும் தேவையில்ல, பாதிக் காசுக்குச் செய்யலாம்” என்றார். “அப்ப ஏன் பன்னிரண்டாயிரம் சொன்னீங்க?” என்றேன். “இறைக்க எவ்வளவு எண்டுதானே கேட்டீங்க, இறைக்கலாமா எண்டு கேட்கலியே” என்றார்.

செருப்பையும் சருகையும் மீன் கரப்பை ஒன்றால் எடுத்தாயிற்று. மேல்தண்ணீரை நானும் மச்சானும் வாளியால் ஒரு மணித்தியாலம் அள்ளி ஊற்றினோம், கை கொப்பளித்துவிட்டது. கல் கட்டி அளந்தேன், ஏழரை அடி. பி.எச்.ஐ. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை குடிக்க அடுத்த வீட்டுக் குழாயில் எடுக்கிறோம்.

குழி தூரத்தையும் அளந்தேன் அக்கா. எங்கள் குழி அறுபத்திரண்டு அடி. பின் வளவுக்காரரின் குழி முப்பத்தொன்று. இதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு புதுத் திரி தொடங்க வேண்டும் போல.

பாடுமீன்

அதுக்கு ஆளைப் பிடியுங்கள் தம்பி. நீங்களே இறங்க வேண்டாம்.