புதுப்பிப்பு: சர்வரிலிருந்து பெரிய ஃபைல் இறங்காத சிக்கல் தீர்ந்தது

மும்பையில் உள்ள விர்ச்சுவல் மெஷின் சர்வரிலிருந்து நம்ம மதுரை சிம்மக்கல் அச்சகத்துக்கு ஸ்கேன் ஃபைல்கள் இறங்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின் ஆகும், சின்ன ஃபைல் வரும், பெரியது மட்டும் பாதியில் 'ஸ்டால்டு' என்று நின்றுவிடும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்க என்று சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி. அதில் மளமளவென்று இறங்கியதால்தான் சந்தேகம் அச்சகத்தின் இன்டர்நெட் லைன் பக்கம் திரும்பியது.

காரணம் எம்டியூ, அதாவது லைனில் ஒரே தடவையில் போகக்கூடிய பாக்கெட்டின் (டேட்டா துண்டின்) அதிகபட்ச அளவு. பாக்கெட்டைத் துண்டாக்கக்கூடாது என்ற ஆப்ஷனோடு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை பாக்கெட்) விட்டேன். 1472 பைட் போகவில்லை, 1464 போனது. பாக்கெட்டின் தலைப்பில் வரும் முகவரி போன்ற தகவலான 28 பைட் ஹெடரைச் சேர்த்தால் 1492. எங்கள் ஃபைபர் லைனில் பிபிபிஓஇ (இன்டர்நெட் கம்பெனியோடு லாகின் செய்து இணையும் முறை) 8 பைட் பிடித்துக்கொள்கிறது. சர்வரோ 1500 பைட் பாக்கெட்டாகவே அனுப்புகிறது. 'பெரிசா இருக்கு, குறைச்சு அனுப்பு' என்று வழியிலுள்ள ரவுட்டர் சொல்லும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் முறை) தகவலை சர்வர் ஃபயர்வால் (பாதுகாப்பு வடிகட்டி) தடுத்துக்கொண்டிருந்தது. ஐசிஎம்பியை மொத்தமாக அடைப்பது நல்ல பழக்கமே இல்லை. தயவுசெய்து யாரும் செய்யாதீங்க.

அந்தத் தகவலை மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிட்டேன். ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஹெடர் போக ஒரு பாக்கெட்டில் வரும் டேட்டாவின் உச்ச அளவு) 1452 என்றும் வைத்தாயிற்று. பாதியில் நின்ற ஃபைல்களை ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் புரோகிராம், 'பார்ஷியல்' ஆப்ஷனோடு விட்ட இடத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருக்கிறது.