என் 95 (N95) மாஸ்க் போட்டா கண்ணாடியில பனி பிடிக்குது. குளிராலயா, மாஸ்க்காலயா?

தேயிலைமலை மிஸ் கேட்டது:

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில ஒரு சின்ன ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். பேர் வேணாம். எங்க மெடிக்கல் வார்டு மூலையில ஒரு ரூம் இருக்கு. காசநோய்ன்னு சந்தேகப்படுறவங்களை சளி ரிப்போட் வர்ற வரைக்கும் அதுலதான் வச்சிருப்போம். உள்ள போறப்ப என் 95 போடணும்னு ஓடர்.

நான் கண்ணாடி போடுறவ. மாஸ்க்கைப் போட்டு ரெண்டு மூச்சு விட்டாலே லென்ஸ் வெள்ளையாயிடுது. கெனியூலா (நரம்புல ஏத்துற ஊசிக்குழாய்) போட குனிஞ்சா நரம்பே தெரியல. கேட்டா, "இந்தக் குளிருக்கு அப்படித்தான் மிஸ், லென்ஸுக்கு சோப் தடவுங்க"ங்கிறாங்க. தடவினேன், பரவாயில்ல.

ஆனா சுத்திப் பார்த்தா ஆளுக்கு ஒரு விதமா போடுறாங்க. அட்டென்டன் அக்கா உள்ளுக்கு ஒரு சேர்ஜிக்கல் மாஸ்க் போட்டு, அதுக்கு மேல என் 95 போடுறாங்க, அழுக்காகாதாம். இன்னொருத்தர் டியூட்டி முடிஞ்சதும் ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு ஆணியில மாட்டிட்டுப் போறார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிற அண்ணன் தாடிக்கு மேலயே போடுறார். யாருக்கும் எதுவும் சொல்ல முடியல, எனக்கே சரியாத் தெரியலையே. ஒண்ணை எத்தனை நாள் வச்சிருக்கலாம்? ஸ்டோர்ஸ்ல கேட்டா முகத்தைப் பார்க்கிறாங்க.

---

ஓய்வுபெற்ற ஐசிஎன் (தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்):

தங்கச்சி, முதல்ல அந்த சோப்பைக் கழுவுங்க. லென்ஸ்ல பிடிக்கிற பனி உங்களுக்கு உண்மையைச் சொல்லுது, அதை ஏன் வாயடைக்கிறீங்க? குளிர் அதைக் கண்ணுக்குக் காட்டுது, அவ்வளவுதான். மூக்குப் பக்கத்தால மேல வர்ற சூடான மூச்சுதான் லென்ஸ்ல படியுது. கொழும்புல இதே மாஸ்க்கை இதே மாதிரி போட்டா லென்ஸ் தெளிவா இருக்கும், ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். மூச்சு வெளிய வர்ற ஓட்டையால, நீங்க இழுக்கிறப்ப வார்டு காத்தும் உள்ள வரும், ஃபில்டர் பக்கமே போகாம. 95ங்கிறது பில்டர் துணியோட கணக்கு: உள்ளதுலயே பிடிக்கக் கஷ்டமான 0.3 மைக்ரோன் அளவுத் துகள்லயும் குறைஞ்சது 95 சதவீதத்தைப் பிடிக்கும். ஓரத்தால போற காத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது.

போடுற விதம்: மேல் பட்டி உச்சந்தலைக்குப் பின்னால, கீழ்ப் பட்டி காதுக்குக் கீழ கழுத்துல. ரெண்டும் குறுக்கால போகக் கூடாது. கொண்டை உசத்திப் போடுறவங்க மேல் பட்டி வழுக்காத மாதிரி கொண்டையை இறக்கிக்கங்க. மூக்குக் கம்பியை ஒரு கையால கிள்ளாதீங்க, நடுவுல கூர் வந்து ரெண்டு பக்கமும் இடைவெளி விழும். ரெண்டு கை விரலாலயும் நடுவுல இருந்து கன்னத்தை நோக்கி அழுத்திக்கிட்டே போங்க. பிறகு ரெண்டு உள்ளங்கையாலயும் மாஸ்க்கை மூடி பலமா ஊதுங்க, இழுங்க. இழுக்கிறப்ப மாஸ்க் முகத்தோட லேசா ஒட்டணும். ஊதுறப்ப கண்ணுக்குக் கீழ காத்துப் பட்டா திரும்பவும் கம்பியை அழுத்துங்க. கண்ணாடி கடைசியா, மாஸ்க்குக்கு மேல. கதவுக்கு வெளிய நின்னு ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யணும், உள்ள போன பிறகு இல்ல. லென்ஸ் தெளிவா இருந்தா மட்டும் நம்பிடாதீங்க, தாடைப் பக்கம் கசிஞ்சா கண்ணாடிக்குத் தெரியாது.

எவ்வளவு அழுத்தியும் கசிஞ்சா அந்த மொடல் உங்க முகத்துக்கு இல்ல. கிண்ணம் மாதிரி ஒண்ணு, மடிக்கிறது ஒண்ணு, வாத்து மூக்கு மாதிரி ஒண்ணுன்னு வருது. ஒருத்தருக்குப் பொருந்துறது இன்னொருத்தருக்குப் பொருந்தாது. அதுக்குத்தான் ஃபிட் டெஸ்ட். தலையில ஒரு மூடியைப் போட்டு உள்ள சக்கரீன் இல்லன்னா கசப்புத் தண்ணியைப் பீச்சுவாங்க. மாஸ்க் இல்லாம அந்த ருசி தெரியுதான்னு முதல்ல பார்ப்பாங்க. அப்புறம் மாஸ்க்கோட மூச்சை ஆழமா இழுத்து, தலையைத் திருப்பி, குனிஞ்சு, பேசிப் பார்க்கணும். நாக்குல ருசி வந்தா ஃபெயில். முன்னால கால் மணி நேரம் தண்ணியைத் தவிர எதுவும் வாயில வைக்கக் கூடாது. பிளேன்டீயும்தான், அதுக்குத்தான் நம்ம ஆட்கள் ரொம்பக் கோவிப்பாங்க. அமெரிக்காவுல இந்த டெஸ்டை வருஷா வருஷம் செய்யணும்னு சட்டமே இருக்கு. உங்க ஏரியாவுல யாருகிட்ட கிட் இருக்குன்னு பெரிய ஆஸ்பத்திரி ஐசிஎன் மிஸ்கிட்ட கேளுங்க. உடம்பு நல்லா ஏறி இறங்கினாலும், பல்லு எடுத்தாலும் திரும்பப் பார்க்கணும்.

மத்த மூணும்: உள்ளுக்கு சேர்ஜிக்கல் மாஸ்க் போட்டா விளிம்பு முகத்துல ஒட்டாது, என் 95 போட்டதே வீண். ஸ்பிரிட் அதைவிட மோசம். அந்தத் துணி தூசியைப் பிடிக்கிறது மின்னேற்றத்தாலயும்தான். ஸ்பிரிட் பட்டா மின்னேற்றம் போயிடும், பார்க்க மட்டும் புதுசு மாதிரியே இருக்கும். சோப்புத் தண்ணியும் வேணாம். தாடியில இழுபறி கிடையாது, விளிம்பு படுற இடத்துல முடி இருந்தா கசியும். அதுக்காக விரதத்துல இருக்கிற மனுஷனை ஷேவ் பண்ணச் சொல்லாதீங்க. மாலை கழட்டுற வரைக்கும் அந்த ரூம் டியூட்டியில அவரைப் போட வேணாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. ரோஸ்டர்ல ஒரு வரி, அவ்வளவுதானே.

---

தோட்டத்து மிட்வைஃப்:

அக்கா சொன்னதோட ஒண்ணு. கல் வச்ச பெரிய மூக்குத்தி விளிம்புக்குக் கீழ வந்தா அந்த இடம் தூக்கிக்கும். டியூட்டிக்கு சின்னதா ஒரு பொட்டு மூக்குத்தி போட்டுக்கலாம். சின்ன முகக்காரங்க ஸ்மோல் சைஸ்னு எழுதிக் கேளுங்க. கேட்காட்டி ரெகுலர்தான் வரும்.

எத்தனை நாள்னா, நாள் கணக்குல சொல்ல முடியாது. காசநோய் காத்தால பரவுறது, மாஸ்க்கைத் தொடுறதால இல்ல. அதனால ஒரே ஆள், நல்லா இருக்கிற மாஸ்க்கைத் திரும்பப் போடலாம். கொவிட் மாதிரி நோயாளின்னா அந்தப் பேச்சு வேற. கம்பனி வேற மாதிரி சொல்லாட்டி ஒண்ணை அஞ்சு தடவைக்கு மேல போட வேணாம்னு அமெரிக்க நோய்த்தடுப்பு நிறுவனம் சிடிசி சொல்லிச்சு. ஈரமானா, ரத்தம் சளி பட்டா, பட்டி தளர்ந்தா, மூச்சு விடக் கஷ்டமானா எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, வீசுங்க. வைக்கிறது கடதாசிப் பையில, பேர் எழுதி. சொப்பிங் பேக்ல கட்டி வச்சா நம்ம ஊர் ஈரத்துக்கு மறுநாள் எடுக்கிறப்ப ஒரு வாடை அடிக்கும் பாருங்க. கழட்டுறப்ப முன்பக்கம் கை படாம கீழ்ப் பட்டி முதல்ல, மேல் பட்டி பிறகு, உடனே கை கழுவணும்.

காதுல மாட்டுற கேஎன் 95 (சீனத் தர மாஸ்க்) வந்தா, ஓரம் ஒட்டுறது கஷ்டம். நயோஷ் (NIOSH, என் 95ஐ அங்கீகரிக்கிற அமெரிக்க நிறுவனம்) முத்திரை அடிச்சும் காது நாடாவோட வந்தா போலியா இருக்கலாம். டிசி 84ஏ (TC-84A)ன்னு தொடங்குற நம்பர் மாஸ்க்லயே இருக்கான்னு பாருங்க.

---

மலைநாட்டு எம்ஓ (டொக்டர்):

எல்லாம் சரி. ஆனா அந்த மூலை ரூம் ஜன்னல் திறந்திருக்கா? குளிருதுன்னு சாத்தி, இடுக்குல கடதாசி அடைச்சிருப்பாங்க. நான் வேலை பார்த்த எல்லா வார்டுலயும் அப்படித்தான். மாஸ்க் உங்களை மட்டும்தான் காக்கும், பக்கத்துக் கட்டில்காரரைக் காக்காது. மணிக்கு 12 தடவை காத்து மாறுற ரூம்ல, நோயாளி போன பிறகு கிருமி 99 சதவீதம் போக 23 நிமிஷம். 6 தடவைன்னா 46 நிமிஷம். சாத்தின ரூமுக்கு நீங்களே கணக்குப் போடுங்க. நோயாளிக்கு இன்னொரு கம்பளி கொடுத்து ஜன்னலைத் திறங்க. சளி எடுக்கிறதை ரூமுக்குள்ள செய்யவே வேணாம், வெளிய காத்தோட்டமான இடத்துல, ஆட்கள் இல்லாத பக்கமா.

---

தேயிலைமலை மிஸ்:

கடதாசி அடைச்சிருக்குதான் டொக்டர் 🙈 இன்னைக்கே எடுத்துட்டேன். கம்பியை ரெண்டு கையால அழுத்தினதுல இடது லென்ஸ் தெளிஞ்சிருச்சு, வலதுல இன்னும் கொஞ்சம் பிடிக்குது. வேற மொடல் கேட்டு எழுதியிருக்கேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. பிறந்தப்பவே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டாச்சே, நமக்கு ஏன்னு அட்டென்டன் அக்கா கேக்கிறாங்க. அப்புறம், நோயாளியை செஸ்ட் கிளினிக்குக்கு அம்பியூலன்ஸ்ல அனுப்புறப்ப அவருக்கும் என் 95 கொடுக்கணுமா?

---

ஓய்வுபெற்ற ஐசிஎன்:

பிசிஜி சின்னப் பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான காசநோயில இருந்து காக்கத்தான் முக்கியமா போடுறது. பெரியவங்களுக்கு நெஞ்சுல வர்றதை அது நம்பிக்கையாத் தடுக்காது. அக்காவுக்கு ரெண்டு மூணு கிழமையா இருமல் இருந்தா, மாஸ்க் கதையெல்லாம் பிறகு, முதல்ல சளியைக் கொடுக்கச் சொல்லுங்க.

நோயாளிக்கு என் 95 வேணாம். ஏற்கனவே மூச்சு வாங்குற மனுஷன். அவர் வாயில இருந்து வர்றதை மறிக்கத்தான் அவருக்கு மாஸ்க் வேணும், அதுக்கு சேர்ஜிக்கல் மாஸ்க் போதும். என் 95 கூடப் போற மிஸ்ஸுக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல மறைப்பு இல்லாத வண்டின்னா டிரைவருக்கும். வால்வு வச்ச மாஸ்க்கை நோயாளிக்குக் கொடுத்துடாதீங்க, வெளிய விடுற மூச்சு பில்டர் இல்லாமலே போகும். ஜன்னலை இறக்கிக்கிட்டுப் போங்க. மழைன்னா பேன் வெளிக்காத்தை இழுக்கிற மாதிரி இருக்கட்டும், உள்ள இருக்கிறதையே சுத்த விட வேணாம். டிரைவர் அண்ணன் முணுமுணுப்பார். அவர் சீட்டுக்கு ஒரு ஜெர்சியை முன்கூட்டியே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க.