அலோஸ்டெரிக் இன்ஹிபிட்டர்: பிறிதிடத் தடுப்பியா, கொண்டியா?

ஈரோட்டிலிருந்து:
அனைவருக்கும் வணக்கமுங்க. திங்கட்கிழமை தமிழ்வழி மாணவர்களுக்கு இரத்தப்புற்று மருந்துகள் பாடம். 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், இந்நோயைத் தூண்டும் பிசிஆர்-ஏபிஎல் என்ற நொதிப் புரதத்தில், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு அமரும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நொதியின் வேலை நின்றுவிடுகிறது. இதைத் 'தடுப்பான்' என்று சொல்லிவிடலாம். 2021இல் வந்த அசிமினிப் அந்தப் பக்கமே போவதில்லை. வேறொரு குழியில் அமர்ந்து, புரதத்தின் வடிவத்தை மாற்றி அடக்குகிறது. இப்படி வேறிடத்தில் அமர்ந்து அடக்குவதை ஆங்கிலத்தில் அலோஸ்டெரிக் இன்ஹிபிட்டர் என்கிறார்கள். தமிழில் இதற்கு என்ன சொல்? ஞாயிறு இரவுக்குள் வேண்டும்.

கோபியிலிருந்து:
கிரேக்கத்தில் அல்லோஸ் என்றால் பிறிது. பிறிதுமொழிதல் அணியில் ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துகிறோம். இங்கே ஓரிடத்தைத் தொட்டால் வேறிடம் அடங்குகிறது. 'பிறிதிடத் தடுப்பி' என்பேன். 'தடுப்பான்' வேண்டாம், ஆன் ஆண்பால் விகுதி.

பொள்ளாச்சியிலிருந்து:
அக்கா, அப்படியானால் ஒடக்கானும் (ஓணான்) பூரானும் ஆண்பாலா? ஒடக்கான் 'ஓடு' என்பதிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனியாக எழுதுகிறேன்.
அந்த இரண்டாம் குழி சும்மா கிடந்ததல்ல. இயல்பான ஏபிஎல் புரதத்தின் நுனியில் மிரிஸ்டாயில் என்ற கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். அது மடிந்துவந்து அந்தக் குழியில் புகுந்து நொதியை அடக்கி வைக்கும். 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டி பிசிஆர்-ஏபிஎல் உருவாகும்போது அந்த நுனி போய்விடுகிறது. கொண்டி கழன்ற கதவு, எந்நேரமும் திறந்தே கிடக்கும். சின்னச் சின்ன மூலக்கூறுத் துணுக்குகளைப் புரதத்தோடு சேர்த்து, எது ஒட்டுகிறது என்று அணுக்காந்த ஒத்ததிர்வு (என்எம்ஆர்) என்ற ஆய்வுமுறையில் பார்த்து, அதை வளர்த்தெடுத்துத்தான் அசிமினிப்புக்கு வந்தார்கள். கழன்ற கொண்டிக்குப் பதில் கொண்டி. ஆகவே 'கொண்டித் தடுப்பான்'. பையன்களுக்குக் கேட்டவுடன் விளங்கும்.

கோபியிலிருந்து:
அழகான விளக்கம், ஆனால் ஏபிஎல்லுக்கு மட்டும். எல்லாப் புரதத்திலுமா கொண்டி இருக்கிறது? பொதுச்சொல் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். இடம்தான் இங்கே முக்கியம். பிசிஆர்-ஏபிஎல்லில் 315ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலியூசின் என்ற வேறொன்றாக மாறினால் இமாட்டினிப் ஒட்டாது. அசிமினிப் கூடுதல் அளவில் வேலை செய்கிறது. வேறிடத்தில் அமர்வதால்தானே?

ஈரோட்டிலிருந்து:
மணி பத்தாகிவிட்டது. 'பிறிதிடத் தடுப்பான்' என்று போட்டுவிட்டேன். பிறிதிடம் அக்காவுடையது, ஆன் ஐயாவுடையது. கொண்டிக் கதையை உவமையாகச் சேர்த்திருக்கிறேன்.

கோபியிலிருந்து:
சரி. விகுதியை மட்டும் நான் ஏற்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:
நான் வகுப்பில் கொண்டி என்றுதான் சொல்லுவேனுங்க.